எல்லாக் கருவியிலும் ஓடும் கேம்: ஓட வைப்பது யார்?

காரைக்குடியில் கேம் செய்து பழகும் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்தானே அண்ணே, ஒரு தடவை செஞ்சா எல்லாத்துலயும் ஓடும்." சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, செய்த கேமை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் தெரியவரும்.

ஒரு பல்லாங்குழி கேம் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் லேப்டாப்பில் செய்தது, அங்கே அருமையாக ஓடுகிறது. செய்தவரின் புதுப் போனிலும் ஓடுகிறது. தேவகோட்டையில் இருக்கும் அப்பத்தாவின் பழைய போனில் போட்டால் சோழி விழும் சத்தம் கேட்கிறது, பலகை மட்டும் கறுப்பாக இருக்கிறது. லினக்ஸ் வைத்திருக்கும் நண்பரின் கணினியில் ஆட்டம் திறக்கிறது, ஆனால் பாதிப் படங்களைக் காணோம். உடனே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். ஒன்று, "எஞ்சினே சரியில்லை." இன்னொன்று, "அந்த டெவலப்பர்கள் சோம்பேறிகள், ஒரு பட்டனை அழுத்திச் சரி செய்ய மாட்டேன் என்கிறார்கள்." அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டு தீர்ப்பும் நிற்காது.

எஞ்சின் எதைச் சுமக்கிறது

கேம் எஞ்சின் என்பது எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான வேலைகளை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் மென்பொருள். திரையில் படம் வரைவது, சத்தம் எழுப்புவது, விரல் தொட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது, கோப்பைத் திறப்பது, இரண்டு பொருள்கள் மோதினால் கணக்குப் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. பல்லாங்குழியின் விதிகளை மட்டும் நீங்கள் எழுதினால் போதும்.

அந்த எஞ்சினின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் தந்திருந்தால் அது ஓப்பன் சோர்ஸ். இன்று மாணவர்களிடம் அதிகம் புழங்கும் கோடோ அப்படிப்பட்டது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் தொடங்கியது, 2014-ல் எம்.ஐ.டி உரிமத்தின் கீழ் நிரலைத் திறந்துவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன. வேறு எஞ்சின்களிலும் கதை ஏறத்தாழ இதேதான்.

நிரல் திறந்திருப்பது ஒரு விஷயம், அது எல்லாக் கருவியிலும் ஓடுவது வேறு விஷயம். முதலாவதை உரிமம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை ஆட்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைக் செட்காரர் செய்யும் வேலை

மாசி, பங்குனி வந்தால் நம் பக்கத்து ஊர்களில் திருவிழா நாடகம் போடுவார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஆட்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்குவார்கள். பாட்டும் வசனமும் அவர்கள் கையில். மேடை, விளக்கு, மைக் செட் அந்தந்த ஊர் ஏற்பாடு. கோட்டையூரில் புது மிக்சர் இருக்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஜெனரேட்டரும்தான். ராஜபார்ட் எந்தப் பட்டனையும் தொடுவதில்லை. "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கப்பா" என்பார், அவ்வளவுதான். எந்தத் திருகைத் திருக வேண்டும் என்பது அந்த ஊர் மைக் செட்காரருக்குத் தெரியும். நாடகம் எல்லா ஊரிலும் ஒன்று. அதை அந்த ஊர்க் கருவியோடு பொருத்துகிறவர் ஊருக்கு ஊர் வேறு.

எஞ்சினுக்குள்ளும் இப்படித்தான் வேலை பிரிந்திருக்கிறது. நடுவில் பொதுப் பகுதி. அது "இந்த இடத்தில் ஒரு படத்தை வரை", "இந்தச் சத்தத்தை எழுப்பு" என்று கட்டளை மட்டும் கொடுக்கும். அந்தக் கட்டளையைக் குறிப்பிட்ட ஒரு கருவிக்குப் புரியும் விதத்தில் செய்து முடிக்கும் பகுதிக்குப் பெயர் பேக்எண்ட். (இணையதளம் செய்கிறவர்கள் சர்வர் பக்கத்தை இதே பெயரில் அழைப்பார்கள், இங்கே அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) பொதுப் பகுதி என்னென்ன கேட்கலாம், பேக்எண்ட் என்னென்ன தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல்தான் இடைமுகம்.

ஒரு எஞ்சினில் பேக்எண்ட் ஒன்றோடு நிற்பதில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வாசாபி, லினக்ஸில் பல்ஸ்ஆடியோ அல்லது ஆல்சா, ஆப்பிளில் கோர்ஆடியோ. ஒரே சோழிச் சத்தத்துக்கு நான்கு வழிகள், நான்கையும் யாரோ எழுதிப் பராமரிக்கிறார்கள். ஜன்னல் திறப்பதும் அப்படியே. லினக்ஸில் மட்டும் பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட் என்று இரண்டு முறைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பிரிப்பு ஒன்றும் புதிதல்ல. இதற்கு நல்ல சாட்சி டூம். 1993-ல் வந்த அந்த ஆட்டத்தை எழுதியது நெக்ஸ்ட் கணினிகளில், விற்றது டாஸ் கணினிகளுக்கு. எழுதும் இடம் ஒன்று, ஓடும் இடம் வேறு என்பதால் திரை, சத்தம், கடிகாரம் போன்ற கருவி சார்ந்த வேலைகளை ஆரம்பத்திலேயே தனிக் கோப்புகளில் ஒதுக்கி வைத்தார்கள். 1997 டிசம்பரில் நிரலை வெளியிட்டபோது டாஸ் பதிப்பைத் தர முடியவில்லை. அதன் ஒலிப் பகுதி வேறு ஒருவருடைய உடைமை. அதனால் லினக்ஸ் பதிப்பின் நிரலைத் தந்தார்கள். ஒதுக்கி வைத்த அந்தச் சில கோப்புகளை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்பதால்தான் இன்றைக்கு அது எங்கெங்கோ ஓடுகிறது.

ஒவ்வொரு எஞ்சினும் இதைத் தனித்தனியாக எழுத வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டியதில்லை. எஸ்.டி.எல் என்ற லைப்ரரியை (பலரும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதி வைத்த நிரல் தொகுப்பை) சாம் லன்டிங்கா 1998-ல் வெளியிட்டார். ஜன்னல், சத்தம், கீபோர்டு, கேம்பேடு ஆகியவற்றுக்கான பேக்எண்டுகளின் தொகுப்பு அது. ஏராளமான கேம்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அதைப் பயன்படுத்தினாலும் உழைப்பு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. அதையும் யாரோ பராமரிக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையான பேக்எண்டும் உண்டு: எதுவுமே செய்யாத பேக்எண்ட். "வரை" என்றால் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். திரையே இல்லாத சர்வரில் எஞ்சினை ஓட்டவும், தானியங்கிச் சோதனை நடத்தவும் இது வேண்டும். ஒரு எஞ்சினின் பிரிப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை இதுதான். வெறும் பேக்எண்டைப் போட்டதும் எஞ்சின் விழுந்துவிட்டால், பொதுப் பகுதி எங்கேயோ எல்லை தாண்டித் திரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை பார்த்தது: பொதுப் பகுதி கட்டளை இடுகிறது, பேக்எண்ட் அதைக் கருவிக்கு ஏற்பச் செய்கிறது, இரண்டுக்கும் நடுவில் இடைமுகம் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. கருவி கூடக் கூட பேக்எண்டும் கூடும்.

பில்ட்: ஒரே நிரல், பல கோப்புகள்

மனிதர் எழுதிய நிரலைக் கணினியின் சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதைச் சில்லின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர். நிரல், படங்கள், துணை லைப்ரரிகள் அனைத்தையும் சேர்த்து, ஓடக்கூடிய கோப்பாக ஆக்கும் முழு வேலைக்கும் பில்ட் என்று பெயர்.

ஒரே பில்ட் எல்லா இடத்திலும் ஓடாததற்கு முதல் காரணம் சில்லு. பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது இன்டெல், ஏஎம்டி வகையின் எக்ஸ்86. போன்களில் இருப்பது ஆர்ம். இரண்டும் தெரிந்து வைத்திருக்கும் கட்டளைகளே வேறு. இரண்டாவது காரணம் இயங்குதளம்: நினைவகம் கேட்பதும் கோப்பு திறப்பதும் விண்டோஸில் ஒரு விதம், லினக்ஸில் ஒரு விதம். ஓடும் கோப்பின் உள்ளமைப்பே வேறுபடும்.

மூன்றாவதுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது: உடன் வரும் லைப்ரரிகள். புத்தம்புது லினக்ஸில் பில்ட் செய்த கேம், நான்கு வருடம் பழைய லினக்ஸில் திறக்க மறுக்கும். காரணம் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி. புதிய பதிப்பை நம்பிக் கட்டியது பழையதில் நிற்காது. பழையதில் கட்டியது புதியதிலும் நிற்கும். அதனால்தான் எஞ்சின் பராமரிப்பவர்கள் வேண்டுமென்றே பழைய சூழலை வைத்து லினக்ஸ் பில்ட் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிற்போக்குத்தனம் போலத் தெரியும்.

எத்தனை கோப்புகள் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்டோஸுக்கு 32 பிட், 64 பிட், ஆர்ம் என்று 3. லினக்ஸுக்கு எக்ஸ்86-ல் இரண்டும் ஆர்மில் இரண்டுமாக 4. மேக்குக்கு இன்டெல் ஒன்று, ஆப்பிள் சில்லு ஒன்று, ஆக 2. ஆண்ட்ராய்டுக்கு 4. ஐபோனுக்கு 1. பிரவுசருக்கு இரண்டு வகை. கூட்டினால் 16. ஒவ்வொன்றிலும் பிழை தேடுவதற்கு ஒரு பில்ட், வெளியிடுவதற்கு ஒரு பில்ட், 32. நீங்கள் உட்கார்ந்து கேம் செய்யும் எடிட்டரையே இதில் சேர்க்கவில்லை. சி ஷார்ப் மொழிக்கான தனிப் பதிப்பையும் சேர்க்கவில்லை. கேமை ஓடும் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பட்டனை நீங்கள் அழுத்தும்போது சில நொடியில் வேலை முடிவது எதனால் தெரியுமா? இந்தக் கோப்புகளை முன்பே பில்ட் செய்து டெம்ப்ளேட்டாக வைத்துவிட்டார்கள். உங்கள் படங்களும் விதிகளும் அதில் ஏறி உட்காருகின்றன, அவ்வளவுதான்.

இத்தனையையும் ஒருவர் கையால் கட்ட முடியாது. எந்தக் கோப்பை எந்தக் கருவிக்கு எந்த வரிசையில் கம்பைல் செய்வது என்று சொல்லும் குறிப்புத் தொகுதி ஒன்று இருக்கும். அது பில்ட் சிஸ்டம். கோடோவில் ஸ்கான்ஸ் என்ற பைத்தான் கருவி அந்த வேலையைச் செய்கிறது. பார்க்க அழகான வேலை அல்ல. கெட்டால் மட்டுமே பேசப்படும்.

நிரலில் தவறே இல்லாமலும் கருவி மாறினால் கேம் கெடலாம். லினக்ஸ் நண்பரின் கணினியில் பாதிப் படங்கள் காணாமல் போனதன் காரணம் இப்போது சொல்லிவிடலாம். ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேமித்துவிட்டு, நிரலில் சிறிய எழுத்தில் அழைத்திருப்பார். விண்டோஸ் மன்னித்துவிடும், லினக்ஸ் மன்னிக்காது. இதில் எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சுருக்கமாக: சில்லு, இயங்குதளம், லைப்ரரி மூன்றும் மாறுவதால் பில்ட் மாறுகிறது. எக்ஸ்போர்ட் பட்டன் கட்டுவதில்லை. கட்டி வைத்ததை எடுத்துக் கொடுக்கிறது.

படம் வரைவதில்தான் பெரிய தலைவலி

அப்பத்தாவின் போனில் பலகை கறுப்பாகத் தெரிந்ததற்கு வருவோம். இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். எஞ்சின் பராமரிப்பில் அதிக உழைப்பைத் தின்பது இதுதான்.

திரையில் படம் வரைய ஜிபியூ என்ற தனிச் சில்லு இருக்கிறது. அதனிடம் எஞ்சின் நேரடியாகப் பேசாது. ஜிபியூவைச் செய்த நிறுவனம் தரும் டிரைவர் என்ற மென்பொருளிடம் பேசும். டிரைவரிடம் பேசுவதற்கென்று வகுத்த கட்டளைத் தொகுப்பு கிராஃபிக்ஸ் ஏபிஐ. உலகம் முழுவதும் ஒரே ஏபிஐ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

1992-ல் வந்த ஓப்பன்ஜிஎல் அப்படி ஒன்றாக இருக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். மைக்ரோசாஃப்ட் தன் டைரக்ட்3டி வழியில் போனது. ஆப்பிள் 2014-ல் மெட்டல் என்று சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்தது. 2016-ல் குரோனோஸ் அமைப்பு, ஓப்பன்ஜிஎல்லுக்கு அடுத்த தலைமுறையாக வல்கனை வெளியிட்டது. ஆப்பிள் அதை நேரடியாக ஏற்கவில்லை. பிரவுசருக்கு வெப்ஜிஎல், இப்போது வெப்ஜிபியூ. ஆக, எல்லா இடத்துக்கும் போக விரும்பும் எஞ்சின் குறைந்தது மூன்று நான்கு கிராஃபிக்ஸ் பேக்எண்டுகளைச் சுமக்க வேண்டும்.

இவற்றுக்குள் வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. வல்கனில் திரையின் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகும். ஓப்பன்ஜிஎல்லிலும் மெட்டலிலும் டைரக்ட்3டியிலும் மேல்நோக்கிப் போகும். ஆழத்தை அளக்க ஓப்பன்ஜிஎல் இயல்பாக -1 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளும், மற்றவை 0 முதல் 1 வரை. இடைமுகத்தை வகுக்கும்போதே இதில் ஒன்றைத் தேர்ந்து, மற்ற பேக்எண்டுகளில் திருப்பிப் போட வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் நிழல் மட்டும் தலைகீழாக விழும். அதுவும் ஒரு பேக்எண்டில் மட்டும்.

அடுத்தது ஷேடர். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று ஜிபியூவுக்குள்ளேயே ஓடிக் கணக்கிடும் சிறு நிரல் அது. ஏபிஐ மாறினால் ஷேடர் மொழியும் மாறும். அதே ஷேடரை நான்கு மொழியில் கையால் எழுதினால் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே ஒரு மொழியில் எழுதி, ஸ்பிர்-வி என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அங்கிருந்து மெட்டலுக்கோ டைரக்ட்3டிக்கோ கொண்டுபோகும் மாற்றிகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மாற்றிகளும் ஓப்பன் சோர்ஸ்தான், அவற்றிலும் பிழை இருக்கும். கறுப்புத் திரைக்குக் காரணம் தேடிப் போனால் எஞ்சின், மாற்றி, டிரைவர் என்று மூன்று வீட்டுக் கதவைத் தட்ட வேண்டி வரும்.

கோடோ நடந்து வந்த பாதையைப் பார்த்தால் இந்தச் சுமை புரியும். 2018-ல் வந்த 3.0 பதிப்பு, ஓப்பன்ஜிஎல்லின் போன் வடிவமான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3-ஐ மட்டும் நம்பியது. பழைய போன்கள் வெளியே நின்றன, டிரைவர்களும் படுத்தின. மறுவருடம் 3.1-ல் இன்னும் பழைய இஎஸ் 2 பேக்எண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் வந்த 4.0 வல்கனை மையமாக வைத்தது. கூடவே, வல்கன் இல்லாத கருவிகளுக்காக ஓப்பன்ஜிஎல்லில் ஓடும் 'காம்பாட்டிபிலிட்டி' என்ற எளிய வழி. 2024-ல் 4.3-ல் டைரக்ட்3டி 12, 2025-ல் 4.4-ல் மெட்டல்.

கடைசி வரியில் ஒரு நியாயமான சந்தேகம் எழும். வல்கன் கட்டளைகளை மெட்டலாக மொழிபெயர்க்க மோல்டன்விகே என்ற லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு மெட்டல் பேக்எண்ட்? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வேகம் கொஞ்சம் குறையும், மெட்டலில் மட்டும் இருக்கும் வசதிகளைத் தொட முடியாது, பிழை வந்தால் யாருடையது என்று தெரியாது. நேரடி பேக்எண்ட் எழுதினால் இது தீரும். பதிலுக்கு, இனி ஒவ்வொரு புதிய கிராஃபிக்ஸ் வசதியையும் இன்னொரு இடத்திலும் எழுதிச் சோதிக்க வேண்டும். இரண்டில் எது சரி என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. பொறுப்பெடுக்க ஆள் இருந்தால் நேரடி பேக்எண்ட் நல்லது. இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரோடு சமாளிப்பதே மேல் என்பேன்.

சரி, அந்தக் கறுப்புப் பலகை? பெரும்பாலும் நடப்பது இது: போனில் வல்கன் டிரைவர் இருக்கிறது என்று பெயர், ஆனால் பழைய பதிப்பு, ஏதோ ஒரு கட்டளையைத் தவறாகச் செய்கிறது. சத்தத்துக்கு வேறு பேக்எண்ட் என்பதால் அது மட்டும் கேட்கிறது. போன் தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களுக்கு டிரைவர் புதுப்பிப்பது அரிது. ஆகவே எஞ்சின்காரர்கள் அந்தந்த ஜிபியூவுக்கு மாற்று வழி எழுதி வைப்பார்கள்: "இந்த அட்ரினோ என்றால் அந்த வசதியைப் பயன்படுத்தாதே, இந்த மாலி என்றால் இப்படிச் சுற்றிப் போ." ஒரு பல்லாங்குழிக்கு வல்கன் தேவையே இல்லை. ப்ராஜெக்ட் அமைப்பில் காம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பதுதான் முதல் மருந்து.

எதையும் தொடாமலே கெட்டுப்போவது

"ஒரு தடவை ஓட வைத்துவிட்டால் அப்புறம் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தவறான எண்ணம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். நிரல் அப்படியே இருக்கும். அடியில் இருக்கும் தரை நகரும்.

ஆப்பிள் 2018-ல் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது. மேக்கில் அது 2010-ம் வருடத்து 4.1 பதிப்போடு நின்றுவிட்டது. 2019-ல் வந்த கேட்டலினா, 32 பிட் செயலிகளை ஓட்டுவதையே நிறுத்தியது. 2020-ல் இன்டெல் சில்லிலிருந்து சொந்த ஆர்ம் சில்லுக்கு மாறியது. எஞ்சின் பக்கம் ஒரு வரிகூட மாறாமல், மூன்று வருடத்தில் மூன்று பெரிய வேலைகள் வந்து விழுந்தன.

ஆண்ட்ராய்டு மட்டும் என்ன. 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் பதிப்பு கட்டாயம் என்றது கூகுள் பிளே. அண்மையது இன்னும் நுட்பமானது. இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும்; ஒரு பக்கம் 4 கிலோபைட் என்பது நெடுநாள் வழக்கம். புதிய ஆண்ட்ராய்டு 16 கிலோபைட்டையும் ஏற்கிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று விதி வந்தது. பல்லாங்குழி எழுதியவருக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை. எஞ்சின்காரர்கள் தங்கள் டெம்ப்ளேட்டுகளையும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் மறுபடி கட்டினால்தான் அவரால் கேமைப் புதுப்பிக்க முடியும்.

பிரவுசரில் நடந்தது இன்னும் விசித்திரம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சில்லுப் பாதுகாப்புக் குறை வெளியானது. அதன் விளைவாக, ஒரு பக்கத்தில் பல வேலைகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதியைப் பிரவுசர்கள் முதலில் மூடின. பிறகு, கேமை வைத்திருக்கும் சர்வர் சில சிறப்புத் தலைப்புகளை (பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகளை) அனுப்பினால்தான் திறப்போம் என்றன. கோடோ 4-ன் வலைப் பதிப்பு அந்த வசதியை நம்பியிருந்ததால், சாதாரண வலையிடங்களில் கேமைப் பதிவேற்றினால் ஓடவில்லை. 4.3-ல் அந்த வசதி இல்லாமலும் ஓடும் பில்ட் தனியாக வந்தது. மேலே கணக்கில் பிரவுசருக்கு இரண்டு என்று எழுதினேனே, அதன் காரணம் இதுதான். சில்லுக்குள் இருந்த ஒரு குறை, கடைசியில் ஒரு பில்ட்டைக் கூட்டிவிட்டது.

சோதனை எட்டாத இடம்

ஒருவர் விண்டோஸில் உட்கார்ந்து எழுதும் திருத்தம் மேக்கில் கம்பைல் ஆகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருத்தம் வந்ததும், தொலைவில் இருக்கும் கணினிகள் தானாகவே ஒவ்வொரு தளத்துக்கும் பில்ட் செய்து பார்க்கும். இந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கு சிஐ என்று பெயர். ஒரு தளத்தில் தோற்றாலும் சிவப்புக் குறி வரும். திருத்தம் உள்ளே போகாது.

நல்ல ஏற்பாடு. ஆனால் அது சொல்வது "கம்பைல் ஆகிறது" என்பதை. "சரியாக வரைகிறது" என்பதை அல்ல. அந்தக் கணினிகளில் பெரும்பாலும் ஜிபியூவே இருக்காது. இருந்தாலும் நம் ஊர் ரீசார்ஜ் கடையில் விற்கும் விலை குறைந்த போனின் ஜிபியூ அங்கே இருக்கப் போவதில்லை. அந்தப் போனைக் கையில் வைத்திருப்பவர் எழுதும் பிழை அறிக்கை ஒன்றுதான் வழி.

'சப்போர்ட்' என்று எழுத ஆள் வேண்டும்

ஆர்வமுள்ள ஒருவர் புது கருவிக்கு பேக்எண்ட் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால், பராமரிப்பவர்கள் தயங்குவார்கள். பார்க்கிறவருக்குக் கோபம் வரும்: சும்மா கொடுப்பதை வாங்க என்ன கஷ்டம்? வாங்குவதில் கஷ்டம் இல்லை. இரண்டு வருடம் கழித்து இடைமுகம் மாறும்போது அந்த பேக்எண்டையும் மாற்ற வேண்டும், எழுதியவர் அப்போது வேலைக்குப் போயிருப்பார், அந்தக் கருவி வேறு யாரிடமும் இருக்காது. தெரியாத கருவிக்குச் சோதிக்காமல் நிரல் எழுதுவதைவிட ஆபத்து வேறில்லை. அதனால் அவர்கள் முதலில் கேட்பது "நிரல் நன்றாக இருக்கிறதா" என்பதைவிட "இதை யார் பார்த்துக்கொள்வார்" என்பதைத்தான்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவை உதிரும். கோடோ 3-ல் விண்டோஸின் யூ.டபிள்யூ.பி தளத்துக்கு ஆதரவு இருந்தது, 4-ல் இல்லை. பழையதை நம்பியிருந்தவர்களுக்கு வருத்தம்தான். ஓடாததை "ஓடும்" என்று பட்டியலில் வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது நேர்மை என்பது என் கட்சி.

பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்ற கன்சோல்களில் நிலைமை வேறு. அவற்றின் கருவித் தொகுப்பைப் பெற ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதை வைத்து எழுதிய நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்க முடியாது. ஆகவே ஓப்பன் சோர்ஸ் எஞ்சினுக்குள் கன்சோல் பேக்எண்ட் இருக்காது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தனியாகத் தருகின்றன. இதில் சோம்பேறித்தனத்துக்கு இடமே இல்லை.

சுருக்கமாக: தளம் நகரும், சிஐ பாதி தூரம்தான் பார்க்கும், மீதியைக் கருவி கையில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அறிக்கை எழுதுவது எப்படி

நம் வீட்டு மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன்கள் இந்த இடத்தில் மதிப்பு பெறுகின்றன. அவற்றில் தோன்றும் பிழையை ஒழுங்காக எழுதினால், பராமரிப்பவருக்கு அது நிரல் எழுதிக் கொடுப்பதற்குச் சமமான உதவி. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஜிபியூவின் பெயர், எஞ்சினின் சரியான பதிப்பு எண், எந்த ரெண்டரிங் முறை (படம் வரைவது வல்கனிலா, காம்பாட்டிபிலிட்டியிலா) ஆகியவை கட்டாயம். அதே கேமை காம்பாட்டிபிலிட்டியில் ஓட்டினால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தால், தவறு எந்த பேக்எண்டில் என்பது பாதி முடிவாகிவிடும். முந்தைய பதிப்பில் சரியாக ஓடியதா என்று சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு பதிப்புக்கும் நடுவில் நுழைந்த திருத்தங்களை மட்டும் தேடினால் போதும்.

முழுக் கேமையும் அனுப்பாதீர்கள். ஒரு காட்சி, ஒரு படம், பிழை தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு குட்டி ப்ராஜெக்ட் செய்து இணையுங்கள். அதைச் செய்யும்போதே தவறு தன் நிரலில்தான் என்று கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

நேரமும் முக்கியம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு, அதன் பிறகு வெளியீட்டுக்கு நிற்கும் பதிப்பு என்று சில வாரங்கள் ஓடும். அந்தச் சமயத்தில் பழைய போனில் ஓட்டிப் பார்த்து எழுதினால், திருத்தம் அந்த வெளியீட்டிலேயே வர வாய்ப்புண்டு. வெளியான பிறகு எழுதினால் அடுத்த திருத்தப் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சோதிக்கும் முன் ப்ராஜெக்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டாவில் திறந்த ப்ராஜெக்ட் பழைய பதிப்புக்குத் திரும்பும்போது சில சமயம் முரண்டு பிடிக்கும்.